ஞாபகத்தைத் தின்ற பெட்டி

"ஒண்ணு, இந்த வீட்டில் அந்தப் பெட்டி இருக்கணும். இல்லை, நான் இருக்கணும். ரெண்டில் ஒண்ணு இன்றைக்கே தெரிஞ்சாகணும்!"

திருநாவுக்கரசு இப்படிக் கர்ஜித்த இடம் குளியலறை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் தடதடவென்று விழும் சத்தத்துக்கு நடுவில், கண்ணாடியைப் பார்த்துக் கர்ஜித்தார். கண்ணாடி நடுங்கியது என்று எழுத ஆசைதான். குழாய்தான் நடுங்கியது. அதில் வாஷர் போய் வெகுநாள் ஆகிறது.

"மாமா, தண்ணி வீணாப் போவுது. யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?" வெளியிலிருந்து மனைவி விருத்தாம்பாளின் குரல்.

"பாட்டு பாடறேன்!"

"வசனம் மாதிரி கேட்டுச்சு."

"பழைய பாட்டு. நடுவுல வசனம் வரும்."

பெட்டி என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. சென்னையில் வேலை பார்க்கும் மகள் இளமதி பொங்கலுக்கு அம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியது. கூடவே அப்பாவுக்கு ஒரு துண்டு அனுப்பினாள். துண்டால் குடும்பத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. பெட்டிதான் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது என்பது திருநாவுக்கரசின் கட்சி.

பெட்டி வந்த நாளிலிருந்து சிதம்பரத்தில் அந்த ஒரு வீட்டில் மட்டும் சாயங்காலச் சமையல் ரத்து. காலையிலேயே எல்லாவற்றையும் ஆக்கி, டப்பாக்களில் போட்டு, ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுவாள் விருத்தாம்பாள். ஐந்து மணி அடித்தால் ட்ராக் பேண்ட், தொளதொளவென்று ஒரு டீ ஷர்ட், கையில் பூப்பந்து மட்டை! பள்ளிக்கூட நாளில் மாவட்ட அணிக்கு ஆடியவள். கல்யாணத்தன்று கீழே வைத்த மட்டையை ஐம்பத்திரண்டு வயதில் தூசி தட்டி எடுத்திருக்கிறாள். வடக்கு வீதிக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் அவளைப் போலவே இன்னும் நாலு பெண்மணிகள். அந்த மஞ்சள் நூல் பந்தை அடி அடியென்று அடித்துவிட்டு ஏழரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்புவாள்.

அதுவரைக்கும், சர்க்கார் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற திருநாவுக்கரசு, தன் டிபனைத் தானே பெட்டிக்குள் வைத்து, தானே பட்டனை அழுத்தி, தானே காத்திருக்க வேண்டும். இட்லியை வைத்தால் ஓரத்தில் கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. தோசையை வைத்தால் செருப்புக் கடைக்காரர் விலை கேட்பார்.

பெயரிலேயே நாவுக்கு அரசர். சும்மா விடுவாரா? அந்த நாவுக்குத் தோசை வேண்டும், தோசைக்குக் கத்திரிக்காய் கொத்சு வேண்டும். சிதம்பரத்தில் பிறந்தவன் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பான், கொத்சில் மாட்டான் என்பார். அவர் கரண்டி பிடித்ததே இல்லை. ஆனால் அம்மா கொத்சு செய்யும்போது பக்கத்தில் குந்திப் பார்த்துப் பார்த்துப் பக்குவம் முழுக்க மனப்பாடம். விருத்தாம்பாள் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் ரத்தத்துல வரணும்டி" என்று பெருமையோடு மறுத்துவிட்டவர்.

இருந்தாலும் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தோசைகூட ரெண்டாம் பட்சம். முன்னெல்லாம் சாயங்காலம் அவள் கல்லில் மாவை ஊற்றுவாள், சொய்ங் என்று சத்தம் வரும், இவர் அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுவார். அந்த நேரம் இப்போது வெறிச்சென்று கிடந்தது. சொய்ங் போய் டிங் வந்துவிட்டது. 'நீ இல்லாம எனக்குப் பொழுது போகல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆம்பளையாச்சே, எப்படிச் சொல்வது? அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

விஞ்ஞானம் எதிர்வீட்டு சார்லஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. 'மச்சான், உடனே பார். பதறிடுவ' என்று ஒரு வீடியோ. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் விரலை நீட்டி நீட்டி எச்சரித்தார். மைக்ரோவேவ் கதிர்வீச்சு மூளையைப் பதம் பார்க்குமாம். முதலில் ஞாபகசக்தி போகுமாம். அப்புறம் ஆளே போய்விடுவானாம்.

"விருத்தா! பாத்தியா? மூளை வெந்துடுமாம்! ஞாபகமே போயிடுமாம்!"

விருத்தாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். திருநாவுக்கரசு பாதியிலேயே பதறி நிறுத்தியவர்.

"கடைசில என்னா விக்கிறாரு, பாத்தீங்களா?"

"என்னா?"

"பொட்டி மேல ஒட்டுற செம்புத் தகடு. ஒட்டிட்டா கதிர் வராதாம். ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாமாம்."

"அது வேற விஷயம். விஞ்ஞானம் பொய் சொல்லுமா?"

"விஞ்ஞானம் சொல்லாது மாமா. கோட்டு சொல்லும்."

விடுவாரா? மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு.

"அப்பா, அந்த அலை சாப்பாட்டுல இருக்கிற தண்ணியைச் சூடாக்குது, அவ்ளோதான். கதவுல கம்பி வலை இருக்கு, பாருங்க. அது வெளிய விடாது. கதவைத் தொறந்தா அந்த நிமிஷமே நின்னுடும். கதவு உடைஞ்சு கெடந்தா பயப்படலாம், நம்மளது புதுசு."

"மூளைக்கு ஆபத்தே இல்லைங்கிறியா?"

"தலையை உள்ள விட்டாத்தான்."

"விட்டா?"

"விட்டா கதவு மூடாதுப்பா. மூடலன்னா அது ஓடாது."

"நீ உங்கம்மா கட்சி! வையி போனை!" என்று போனை வைத்தார். அந்தச் சூட்டிலேயே இன்னொரு குண்டையும் போட்டார். "இதையும் கேட்டுக்க விருத்தா. வர்ற ஞாயித்துக்கெழம கடலூர்ல அம்பது தாண்டுன பொம்பளைங்களுக்கு மேட்ச்சாமே? நீ போவக் கூடாது. நான் சொல்றேன்!"

விருத்தாம்பாள் கோபப்படவே இல்லை. அவள் கோபப்படாவிட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மேட்ச்சப் பத்தி அப்பறம் பேசலாம் மாமா. பொட்டியப் பத்தி ஒண்ணு சொல்றேன். உங்க ஞாபகத்துல சின்னதா ஒரு ஓட்டை விழுந்துச்சின்னு தெரிஞ்சா போதும், அன்னிக்கே அதைத் தூக்கி வெளிய வெச்சிடறேன். உங்க மூளைய விட எனக்குப் பொட்டி ஒண்ணும் பெருசில்ல."

மறுநாள் காலைதான் குளியலறைக் கர்ஜனை. தலை துவட்டி வெளியே வரும்போது மனுஷன் முகத்தில் ஒரு களை! திட்டம் பிறந்துவிட்டது. நேராக சார்லஸ் வீட்டு வாசலுக்குப் போனார்.

"மச்சான், இன்னியிலேருந்து எனக்கு ஞாபகம் போயிடுச்சு."

"அய்யய்யோ! எப்போலேருந்து?"

"நடிக்கப் போறேன்யா! பொட்டிய வெளிய அனுப்பற வரைக்கும்."

"அடேங்கப்பா! மூளைன்னா உன் மூளை மச்சான். என் வாயிலேருந்து மூச்சு வராது, போ."

சார்லஸின் மனைவி எஸ்தர், விருத்தாம்பாள் அணியில் பின்வரிசையில் ஆடுகிறாள் என்பது அந்த நேரத்தில் திருநாவுக்கரசுக்குத் தோன்றவில்லை. ஞாபகம் நன்றாக இருக்கும்போதே இந்த லட்சணம்.

நடிப்பு ஆரம்பமானது.

"விருத்தா, என் கண்ணாடி எங்க?"

"மூக்கு மேல."

"மூக்கு எங்க?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. ஆனால் விருத்தாம்பாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஆகா, பிடித்துக்கொண்டது! கொத்தமல்லி வாங்கக் கடைக்கு அனுப்பினாள். அரை மணி கழித்து ஒரு தேங்காய்நார்க் கயிற்றோடு வந்து நின்றார்.

"கொத்தமல்லி எங்க மாமா?"

"கொத்தமல்லின்னா?"

"சிவசிவா! சரி, ஒக்காருங்க."

"ஆமா, உன் தம்பி பேரு என்னா?"

"கதிரவன். அது கல்யாணத்துலேருந்தே உங்களுக்கு மறந்துதான் இருக்குது. அது கணக்குல சேராது."

மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு, வந்து உட்கார்ந்தார். இதுதான் பிரம்மாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டு கேட்டார். "விருத்தா, இன்னும் சோறு போடலியா?"

"பாவமே! சாப்புட்டதுகூட மறந்துடுச்சா?" என்று ஓடி வந்தாள் விருத்தாம்பாள். மறுபடி இலை. மறுபடி சோறு. மறுபடி சாம்பார், பொரியல், ரசம், மோர். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "வெறும் வயித்தோட இருந்தா மூளைக்கு ஆவாது மாமா, இன்னும் ரெண்டு கரண்டி" என்று வளைத்து வளைத்துப் போட்டாள். சாப்பிட்டாகிவிட்டது என்று சொன்னால் ஞாபகம் இருக்கிறது என்றாகிவிடும். கண்ணில் தண்ணீர் முட்ட முட்டத் தின்று தீர்த்தார். எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் பலன் கிடைத்தது. விருத்தாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் நெசம் மாமா. நான்தான் கேக்கல. இந்தச் சனியன் இனிமே நம்ம வீட்ல வாணாம்."

பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். மகள் அப்பாவுக்கு அனுப்பிய துண்டாலேயே அதைச் சுற்றினாள். தெருவைத் தாண்டி எஸ்தர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். திருநாவுக்கரசு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, வயிறு இடம் கொடுத்த அளவுக்குத் துள்ளினார்.

சாயங்காலம் ஐந்து மணி. முறுகல் தோசையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் ட்ராக் பேண்ட் வந்து நின்றது.

"எங்க கெளம்பிட்ட?"

"பிராக்டிஸுக்கு."

"அப்போ தோசை?"

"கல்லு அடுப்புல, மாவு ஃப்ரிட்ஜுல. நீங்கதான சொன்னீங்க?"

"என்னா சொன்னேன்?"

விருத்தாம்பாள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காலைல என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னீங்களே மாமா! 'பொட்டிய மட்டும் எடுத்துடு விருத்தா, சாயங்காலத் தோசைய நானே ஊத்தறேன், உனக்கும் சேத்து ஊத்தி வெக்கறேன்'னு. அதுவுமா மறந்துடுச்சு?"

"நான் அப்படிச் சொல்லவே..." என்று எகிறியவர் பாதியில் நின்றார். சொல்லவே இல்லை என்று அடித்துப் பேச வேண்டுமானால் ஞாபகம் இருக்க வேண்டும். ஞாபகம் இருந்தால் எஸ்தர் வீட்டிலிருந்து பெட்டி திரும்பி வரும்.

"சொன்னேனா?"

"கொளஞ்சியப்பர் சாமி சத்தியமா!"

"சொல்லி... இருப்பேன்."

கொளஞ்சியப்பர் அன்றைக்கு விருத்தாம்பாளை மன்னித்திருப்பார். திருநாவுக்கரசு ஊற்றிய முதல் தோசை கல்லைவிட்டு வரமாட்டேன் என்றது. ரெண்டாவது பாதி வந்தது. ஏழரை மணிக்கு வந்தவள் மூணாவதைத் தின்று, "பரவால்ல மாமா, கை பழகிடும்" என்று தட்டிக்கொடுத்தாள்.

அதற்கப்புறம் தினமும் ஒரு வாக்குறுதி புறப்பட்டது. மொட்டை மாடியைக் கழுவுவதாகச் சொன்னாராம். சொல்லி இருப்பேன், கழுவினார். மச்சினன் கதிரவன் வீட்டுக்கு நேரில் போய் விருந்துக்கு அழைப்பதாகச் சொன்னாராம். சொல்லி இருப்பேன், போய் அழைத்தார். கதிரவன் பயந்துபோய், "மச்சான், உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தான். வெள்ளிக்கிழமை கடைசி அடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்குப் போகச் சொன்னதே அவர்தானாம். கூடவே கடலூருக்கு வந்து கை தட்டுவதாக வேறு சொன்னாராம்.

"அதையுமா சொன்னேன்?"

"ரெண்டு தடவை."

வாசலில் சார்லஸ் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னா மச்சான், கவுந்துட்டியா?"

"யாரு, நானா?" திருநாவுக்கரசு மாடி கழுவின துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "பொட்டி இப்போ எங்க இருக்குது?"

"என் வீட்ல."

"அப்போ ஜெயிச்சது யாரு? சொல்லுய்யா! உயிரே போனாலும் ஞாபகம் திரும்பாது எனக்கு!"

ஞாயிற்றுக்கிழமை வேனில் எல்லாரும் கடலூர் கிளம்பினார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவது என்று தீர்மானத்தோடுதான் வந்தார். பண்ருட்டி அணி பந்தை உயரத் தூக்கிவிட்டது. விருத்தாம்பாள் இரண்டெட்டு பின்னால் போய், எம்பி, ஒரே அடி! பந்து போன இடம் தெரியவில்லை. "அடி விருத்தா! விடாதே!" என்று ஒரு குரல் மைதானத்தையே கிழித்தது. அது தன் குரல்தான் என்று திருநாவுக்கரசுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவ்வளவு நன்றாக ஆடுகிறவளையா வீட்டில் உட்காரச் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் கை சிவக்கத் தட்டினார்.

அரையிறுதியில் ஜெயித்தாகிவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் சாப்பாடு. வேப்பமர நிழலில் ஜமுக்காளம் விரித்து விருத்தாம்பாள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"இட்லியும் கொத்சும். எங்க மாமியார் கைப்பக்குவம்" என்று அறிவித்தாள்.

கொத்சு என்றதும் திருநாவுக்கரசின் நாக்கு முன்னால் வந்தது. ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டார். முகம் கோணியது.

"இது என்னா?"

"கொத்சு மாமா."

"இதுவா?"

"ஏன், கத்திரிக்காய எஸ்தர் வீட்ல பொட்டியில வெச்சு வேகவெச்சேன். கலருக்கு ஒரு காரட்டு. வெங்காயம், தக்காளி. கடைசில ஒரு ஸ்பூன் சக்கரை. அத்தை இப்படித்தான செய்வாங்க?"

"காரட்டா? சக்கரையா? எங்கம்மாவா!"

திருநாவுக்கரசு எழுந்து நின்றுவிட்டார். அடுத்த மரத்தடியில் சாப்பிட்ட பண்ருட்டிக்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொத்சுன்னா வெளையாட்டா? கத்திரிக்காய வேகவெச்சா அது கொத்சா? நல்லெண்ணெயில போட்டு, சின்னத் தீயில, தானாக் கொழையிற வரைக்கும் வதக்கணும்டி! கரண்டி முதுகால மசிக்கணும்! கொத்தமல்லி வெதை, கடலைப்பருப்பு, காஞ்ச மொளகா, பெருங்காயம் தனியா வறுத்து, கொரகொரன்னு பொடிக்கணும்! கெட்டியாப் புளி கரைச்சு ஊத்தி, பச்சை வாசனை போனப்பறம்தான் பொடி! எறக்கும்போது பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி! நீ கல்யாணமாகி வந்த புதுசுலயும் இதே மாதிரிதான் சக்கரையக் கொட்டின. அன்னிக்கு உன் தம்பி கதிரவன் வந்திருந்தான். மஞ்சச் சட்டை போட்டிருந்தான். ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னான்!"

எஸ்தர் வாயில் கையை வைத்துக் குலுங்கினாள்.

"கொத்தமல்லி ஞாபகம் வந்துடுச்சு, மாமா" என்றாள் விருத்தாம்பாள். "கதிரவன் பேரும் வந்துடுச்சு. சட்டைக் கலர்கூட வந்துடுச்சு."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பணிந்திருப்பார்கள். திருநாவுக்கரசு நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாண்டி! ஞாபகம் இருக்குது! நான் தோசை ஊத்தறேன்னு சொல்லவே இல்லங்கிறதும் இருக்குது! மாடி கழுவறேன்னு சொல்லல! மேட்ச்சுக்குப் போன்னு சொல்லல! எல்லாம் உன் புளுகு! என் மூளை இரும்பு! தெரிஞ்சுக்க!"

"பொங்கல்லேருந்து பொட்டியில சூடு பண்ணித் தின்னுட்டும் இரும்பு மாதிரியே இருக்குதா மாமா?"

"இரும்பு! ஒரு துளி கொறை..."

அங்கேதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

"கேட்டுக்கிட்டியா எஸ்தர்? சாயங்காலம் வந்து பொட்டிய எடுத்துக்கறோம்" என்றாள் விருத்தாம்பாள். "சார்லஸ் அண்ணே, கொத்சுப் பக்குவம் முழுசா பதிவாச்சா?"

சார்லஸ் போனை இறக்கினார். "ஒரு வார்த்தை விடலம்மா. மன்னிச்சுக்க மச்சான். அன்னிக்கே எஸ்தர்கிட்ட ஒளறிட்டேன்."

சிதம்பரம் அணி கோப்பையை ஜெயித்தது. எல்லாரையும்விட பலமாகக் கத்தினது யார் என்று பண்ருட்டிக்காரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பொழுது சாய வீடு வந்து சேர்ந்தார்கள். எஸ்தர் வீட்டிலிருந்து பெட்டியைத் திருநாவுக்கரசுதான் சுமந்து வந்தார். அதன் தலையில் கோப்பை உட்கார்ந்து வந்தது. விருத்தாம்பாள் நாற்காலியில் சாய்ந்து, முழங்காலுக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, அந்த ஒரே அடியை மறுபடி மறுபடி வர்ணித்தாள். அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு அவர் கேட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் வீடு வீடாக இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது, அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பசிக்குது மாமா. ஃப்ரிட்ஜுல நேத்து சாம்பார் இருக்குது."

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்!" என்று கர்ஜித்தார் திருநாவுக்கரசு. இந்தத் தடவை குழாயைத் திறக்காமலே கர்ஜித்தார். "நாளையிலேருந்து என்னால முடியாது! சொல்லிட்டேன்!"

"சரிங்க மாமா. எந்தப் பட்டன அமுக்கணும்னு ஞாபகம் இருக்குதில்ல?"

இருந்தது.